கத்திரி வெயிலில் ஸ்வெட்டர்

இராஜபாளையத்தில் ஒருத்தி சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு 'கொடைக்கானல்' என்று வைத்தார்கள். காய்கறிக் கடைக்காரர் என் முகத்துக்கு நேரே ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட உடம்பில் சூடு வேண்டியிருக்கிறது.

மெலிவதற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அப்போது எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இனிமேல் வருவார்கள். அவர்களில் யாருக்காவது வெயிலில் நின்றும் குளிர்ந்தால், வீட்டில் இருக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனால், அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் பேண்டேஜ் துணி தயாரிக்கிறோம். தறியிலிருந்து வரும் காடாத் துணியைக் கொப்பரையில் வேகவைத்து, வெளுத்து, காயப்போட்டு, வெட்டிச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம். சுருட்டும் பகுதியில் பதினான்கு பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி என் வீட்டுக்காரரின் அக்கா தங்கம்மாள் மதினி. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர். வீட்டில் அடுப்படியும் அவர் பொறுப்பு, பட்டறையில் சுருட்டலும் அவர் பொறுப்பு. ஒரு சுருளைக் கையில் வாங்கிய உடனே இது இறுக்கம் போதாது, பிரித்துச் சுற்று என்று சொல்லிவிடுவார். கண்ணால் பார்க்கவே மாட்டார்.

எனக்கு அப்போது நாற்பது வயது, நூற்றுப் பதினான்கு கிலோ எடை. டாக்டர் வீட்டுத் தராசில் முள் ஓடி முட்டிக்கொண்டு நின்றுவிடும். துணிக்கட்டு நிறுக்கிற மேடைத் தராசில்தான் என்னை நிறுத்தார்கள். முழங்கால் போய்விட்டது, சர்க்கரை வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றுகொள்வார். எங்கள் துணியை வாங்கும் மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆர்டர் விஷயமாகப் போனபோது அங்கே ஒரு சர்ஜன் என்னைப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு ஆபரேஷன் இருக்கிறது, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். மதினியும் வேண்டாம் என்றார். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அது தொண்ணூற்றேழு ஆடி மாதம்.

ஆபரேஷன் என்னவென்றால், இரைப்பையின் மேல்பகுதியில் காகிதத்துக்குப் பின் அடிக்கிற மாதிரி வரிசையாகப் பின் அடித்து, அரை டம்ளர் மட்டும் கொள்ளும் ஒரு சின்னப் பையாக ஆக்கிவிடுவார்கள். அது நிறைந்தால் பசி நின்றுவிடும். மேலே ஒரு வாய் சாப்பிட்டாலும் வாந்தி. அவ்வளவுதான். எடை தானாக இறங்கும்.

இறங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போடும் நாளில், என்னை மேடைத் தராசில் ஏற்றிச் சுருட்டல் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஏழு கிலோ, எட்டு கிலோ என்று குறையக் குறையக் கைதட்டுவார்கள். தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் மொபெட்டில் பதினாலு வருஷத்துக்குப் பிறகு பின்னால் உட்கார்ந்தேன். அவர் வேண்டுமென்றே ஊரைச் சுற்றி ரயிலடி வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் அழுதது அவருக்குத் தெரியாது.

குளிர் ஐப்பசியில் ஆரம்பித்தது. மழைக் காலம்தானே என்று விட்டுவிட்டேன். தை போயிற்று, மாசி போயிற்று, குளிர் போகவில்லை. எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் விரல் வலித்தது. ஃபேன் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் சண்டை. கடைசியில் என் வீட்டுக்காரர் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். பட்டறையில் துணி வேகும் கொப்பரைப் பக்கம் ஆண்களே பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். நான் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதினேன். அய்யனார் கோவில் அருவிக்கு எல்லாரும் குளிக்கப் போனபோது, நான் மட்டும் வெயில் விழுந்த பாறையாகப் பார்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் இருந்து அந்த ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த வாரம்.

மதினி செய்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். வயிற்றைக் கிழித்த உடம்பு என்று முதலில் பிள்ளை பெற்றவளுக்குப் போல பத்தியம் வைத்தார். முட்டை, கறி, மீன் கிடையாது, புண் சீழ் பிடிக்கும். பிறகு குளிர் வந்ததும் குளிர்ச்சியானது எல்லாவற்றையும் நிறுத்தினார். கீரை குளிர்ச்சி, மோர் குளிர்ச்சி, பாசிப்பயறு குளிர்ச்சி, கேழ்வரகுக் கூழ் குளிர்ச்சி. மிச்சம் இருந்தது பூண்டு போட்ட கஞ்சித் தெளிவும் மிளகு ரசமும்தான். நான் குளிருது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் சுக்குக் காபி வரும், இல்லையென்றால் இஞ்சி தட்டிப் போட்ட டீ. சாயந்தரம் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்து, என் பாதத்தை மடியில் வைத்து அரை மணி நேரம் தேய்ப்பார். பட்டறையில் நாள் முழுக்கச் சுருட்டிக் காய்த்த கை. ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

என் பங்குக்கு நான் செய்த தப்பு வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எப்படி இருக்கிறீர்கள் என்று மெட்ராஸ் சர்ஜன் கடிதம் போடுவார். நலம் என்று எழுதி அனுப்பினேன். குளிர்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்று எழுதினால், வா, பின்னைப் பிரித்துப் பழையபடி விட்டுவிடலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சாவுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. திரும்ப அந்த உடம்புக்குள் போவதற்குத்தான் பயந்தேன்.

உள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனேன். குளிருது என்ற வார்த்தையைக் கேட்டதும் மலேரியா என்று முடிவு கட்டிவிட்டார். விரலில் குத்திக் கண்ணாடியில் ரத்தம் தேய்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கசப்பு மாத்திரை கொடுத்தார். நான்கு நாள் வாந்தி எடுத்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை தராசில் ஏறினேன். அறுபத்தோரு கிலோ. பெண்கள் கைதட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. தராசுக்குக் கீழே கிடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். வாடகைக் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பத்துப் படுக்கை வைத்து ஒரு டாக்டரம்மா நடத்தும் ஆஸ்பத்திரி இருந்தது. எங்கள் துணி அங்கேயும் போகும் என்பதால் பழக்கம்.

டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நகம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி இருந்தது. நான் அதுவரை கவனிக்கவே இல்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட் வரும்வரை பெஞ்சில் என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் மதினி ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை உள்ளே ஸ்டிரெச்சரில் படுத்தபடி பார்த்தேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. இரும்புச் சத்து இருந்தால்தான் அது உண்டாகும். மூச்சில் இழுக்கும் காற்றை உடம்பெங்கும் சுமந்துகொண்டு போவது அதன் வேலை. பெண்களுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். எனக்கு நாலரை இருந்தது. இருதயம் இரட்டை வேலை பார்த்துக் களைத்துவிட்டது என்றும், இப்படியே விட்டால் நின்றுபோகும் என்றும் டாக்டரம்மா சொன்னார். எனக்கு இருப்பது மூன்று குளிர் என்றும் அவர்தான் பிரித்துச் சொன்னார். கொழுப்பு என்பது போர்வை, அது போய்விட்டது, அதனால் ஒரு குளிர். சாப்பாடு குறைந்தால் உடம்பு அடுப்பைத் தணித்துக்கொள்ளும், அதனால் ஒரு குளிர். இந்த இரண்டும் வரும், பழகிவிடும். மூன்றாவது ரத்தம் இல்லாத குளிர். அது வரக்கூடாது.

பிறகு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்ல ஆரம்பித்தார். எதையெல்லாம் நிறுத்தினார், எத்தனை தடவை சுக்குக் காபி, எத்தனை தடவை டீ, மெட்ராஸ் சர்ஜன் எழுதிக்கொடுத்திருந்த இரும்பு மாத்திரையை நான் கசக்கிறது என்று துப்பியதால் அதையும் டீயோடு எப்படிக் கொடுத்துவிடுகிறார் என்று ஒன்று விடாமல் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பத்து மாதமாக ஒரு நேரம் தவறியதில்லை என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு டம்ளரை எடுத்து வரச் சொல்லி, அதில் பாதி தண்ணீர் ஊற்றி மதினி கையில் கொடுத்தார்.

"அம்மா, அவங்க இரைப்பை இம்புட்டுத்தான். இதுல நீங்க டீயை ஊத்திட்டா சோத்துக்கு எங்க இடம் இருக்கு? அதோட டீ இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. நீங்க கொடுத்த மாத்திரை ஒண்ணுகூடச் சேரலை."

மதினி டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றார். கீரையும் பயறும் முட்டையும்தான் என்னைக் காப்பாற்றியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். மதினி வெளியே போய் வராந்தா மூலையில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. வேண்டாம் என்று நான் ஒரு டம்ளரையாவது தள்ளியிருக்கலாமே என்று என் மேலேயும் வந்தது. கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் தள்ளுவது.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் என் ரத்த சாம்பிளோடு மதுரைக்குப் பஸ் ஏறினார். இரண்டு பை ரத்தத்தை ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்க்கில் வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு கொண்டுவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஐஸ்கிரீமா என்று கேட்டாராம்.

ரத்தம் ஏற்றும்போது எவ்வளவு பொருத்தம் பார்த்தாலும் சிலருக்கு உடம்பு அதை ஏற்காமல் சண்டை போடும். பெரும்பாலும் காய்ச்சலோடு போய்விடும். சில சமயம் சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும். ஆரம்பத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். அதனால் உடனே நிறுத்திவிட வேண்டும். நர்ஸ் ஜெயராணி, கான்சாபுரத்துப் பெண், ஊசியைக் குத்தி பிளாஸ்திரி ஒட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அக்கா, குளுருச்சுன்னா ஒடனே சொல்லிருங்க. அதான் முதல் அடையாளம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேறு என்ன தெரியும்.

ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்தது. சொன்னேன். ஜெயராணி ஓடிவந்து குழாயை மூடினாள், டாக்டரம்மா வந்தார், தெர்மாமீட்டர் வைத்தார்கள். ஒன்றும் இல்லை. ஐஸில் இருந்து வந்த ரத்தம், கைவழியே அந்தக் குளிர்ச்சி ஏறுகிறது என்றார். திரும்பத் திறந்தார்கள். அரை மணியில் மறுபடி சொன்னேன். மறுபடி ஓடிவந்தார்கள். மூன்றாவது முறை ஜெயராணி நடந்து வந்தாள். முதல் பை அப்படியே ஒன்றும் ஆகாமல் ஏறி முடிந்தது.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது பை. வார்டில் வெக்கை. எதிர்க் கட்டிலில் இருந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். என் மேல் இரண்டு கம்பளி. மதினி காலடியில் ஸ்டூலில் இருந்தார். டம்ளர் விஷயத்துக்குப் பிறகு அவர் என் பாதத்தைத் தேய்க்கவில்லை. எதையும் கொடுக்கவும் இல்லை. கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, தொட்டால் குற்றமாகிவிடும் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கால் பை போல இறங்கியிருக்கும். எனக்குள் ஏதோ திரும்பியது. இது வெளியிலிருந்து வரும் குளிர் இல்லை. இடுப்பு எலும்புக்குள்ளிருந்து கிளம்பியது. முதுகு பிளந்தது. வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்தது ஏழு மாதமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரே வார்த்தை.

"குளிருது" என்றேன்.

மதினி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ஜெயராணி தூரத்தில் யாருக்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள், ஐஸ்ல இருந்த ரத்தம்லா, சரியாயிரும் அக்கா என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். இன்னொரு தடவை சொன்னேன். சொல் பல்லுக்குள் உடைந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதுகு என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. பிளாஸ்திரியை நானே பிய்த்துவிடலாம் என்று இடது கையைத் தூக்கினேன், தூக்க முடியவில்லை. இத்தனை பேர் நடுவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். அவர்கள் மேல் குறையும் இல்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மதினி என்ன நினைத்தாரோ, கம்பளிக்குள் கைவிட்டு என் பாதத்தைப் பிடித்தார். பழக்கமாகத்தான் இருக்கும். பிடித்த கை அப்படியே நின்றது. மற்ற காலையும் பிடித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"ஏட்டி ஜெயராணி, இங்க வா. இது வேற குளிரு."

ஜெயராணி வரவில்லை. அவிய எப்பவும் சொல்லுதவியதானே பெரியம்மா என்றாள். மதினி இரண்டாம் முறை கூப்பிடவில்லை. என் தலைப்பக்கம் வந்து, ரத்தம் இறங்கும் குழாயை எட்டிப் பிடித்து, இரண்டாக மடித்துக் கைக்குள் வைத்து இறுக்கிவிட்டார். துணியை இறுக்கிச் சுற்றும்போது பிடிக்கிற அதே பிடி. சொட்டு நின்றது. ஜெயராணி பதறி ஓடிவந்து விடுங்க, விடுங்க என்று கையைப் பிரிக்கப் பார்த்தாள். அது பிரியவில்லை.

"ஏழு மாசமா இந்தக் காலப் பிடிச்சிருக்கேன். ஒரு நாளும் நடுங்குனதில்ல. டாக்டரம்மா வரட்டும், பொறவு விடுதேன்."

டாக்டரம்மா வந்தபோது காய்ச்சல் நூற்று மூன்று. உதட்டில் நீலம் ஓடியிருந்தது. பையைக் கழற்றினார்கள், ஊசிகள் போட்டார்கள், வேறு குழாயில் வெறும் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் என் வீட்டுக்காரர் சிறுநீர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. மஞ்சளாகவே போயிற்று. சாயந்தரம் நடுக்கம் அடங்கியது.

ரத்தப் பிரிவு சரியாகத்தான் இருந்தது, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். என்னைப் போலப் பிள்ளை பெற்ற பெண்களின் உடம்பு சில சமயம் வேற்று ரத்தத்தை அடையாளம் கண்டு எதிர்க்கும். முழுப் பையும் ஏறியிருந்தால் களைத்த இருதயம் தாங்கியிருக்காது என்றும் சொன்னார். அப்போது மதினியைப் பார்த்துத்தான் சொன்னார். மதினி வேறெங்கோ பார்த்தார்.

அதற்குமேல் ரத்தம் ஏற்றவில்லை. இரும்பு ஊசி போட்டு மெதுவாகவே ஏற்றினார்கள். பதினோரு நாள் அங்கே இருந்தேன். மூன்றாம் நாள் மதினி முட்டையை அவித்துக் கொண்டுவந்தார். உரித்து, நான்காக வெட்டி, ஒரு துண்டை என் வாயருகே கொண்டுவந்தவர் நிறுத்திவிட்டார்.

"நான் கொடுக்கலாமாட்டி?" என்று கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்து அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அழுதுகொண்டே மென்றேன். விழுங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மெட்ராஸ் சர்ஜனுக்கு உண்மையை எழுதினேன், ஆறு பக்கம். பின்னைப் பிரிக்கத் தேவையில்லை என்று பதில் வந்தது. முதலில் முட்டையும் பயறும், பிறகு இடமிருந்தால் சோறு. டீ குடித்தே ஆக வேண்டுமென்றால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி. வருஷத்துக்கு இரண்டு முறை ரத்தம் பார்க்க வேண்டும். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நலம் என்று பொய்க் கடிதம் போடாதீர்கள்.

இப்போது எடை அறுபத்தாறு, ரத்தம் பதினொன்று. முதல் இரண்டு குளிரும் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் விசிறிக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் சில நாள் முழங்கைக்குக் கீழே சில்லிட்டுப்போகும். குளிருது மதினி என்பேன். அவர் இப்போது அடுப்படிக்கு ஓடுவதில்லை. கையில் இருக்கும் சுருளைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, "எந்தக் குளிருட்டி?" என்று கேட்கிறார். நான் பதில் சொல்லும்வரை கையை எடுப்பதில்லை.